ஐந்தரை மணி சிக்னல்

சரிவான தெரு அது. மேல்முனையில் நான்கு மாடிக் கட்டடம், அதன் நான்காவது மாடியில் பெரியவள். கீழ்முனையில் குளிர்பதனக் கிடங்கின் மொட்டைச் சுவர், அந்தச் சுவரை ஒட்டிக் கடைசி வீட்டில் அவள் தங்கை சின்னவள். நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் செல்போன் டவர் பெரியவளின் ஜன்னலை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தது. சின்னவளின் வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் கிடங்கு குந்திக்கொண்டிருந்தது. கீழ் வீட்டில் போனை மேசைமேல் வைத்தாலும் சரி, தலைமேல் தூக்கிக்கொண்டு கூத்தாடினாலும் சரி, ஒரு கோடு சிக்னல் வராது.

சின்னவளின் மகள் வெளியூரில் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்த்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். இருபத்துமூன்று வயதாகியும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. வேலை முடிந்து அறைக்கு வந்ததும், சரியாக ஐந்தரை மணிக்கு, அம்மாவை வீடியோவில் கூப்பிடுவாள். அதற்காகவே சின்னவள் கிடங்கில் லேபிள் ஒட்டும் வேலை முடிந்த கையோடு சரிவேறி, நான்கு மாடியும் ஏறி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க அக்கா வீட்டுக் கதவைத் தட்டுவாள். லிஃப்ட் என்று ஒன்று இருந்தது. இருந்தது, அவ்வளவுதான்.

மூன்று வருஷமாக இதுதான் நடப்பு. பெரியவளுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. கணவர் போய் ஒன்பது வருஷம். வீட்டிலேயே ஒரு தையல் மிஷின் போட்டுக்கொண்டு, ஊரார் பேண்ட்டுகளின் நீளத்தைக் குறைப்பதும் அறுந்த ஜிப்புகளை மாற்றுவதுமாகக் காலம் தள்ளினாள். அவள் நாள் ஓடியதே அந்த ஐந்தரை மணிக்காகத்தான். நாலே முக்காலுக்கே மிஷினை மூடிவிட்டு, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு தயாராகிவிடுவாள்.

தயாராகி என்ன பயன்? சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஜன்னல் மூலையில் ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் இடம். அதில் தங்கை உட்கார்ந்துகொள்வாள். நூல்கண்டுப் பெட்டிமேல் சாய்த்து வைத்த போனில் தங்கையின் முகம் ஜம்மென்று முழுசாக விழும். பின்னால் நிற்கும் பெரியவளின் முகத்தில் நாடி மட்டும்தான் விழும்.

“பெரியம்மா, உங்க நாடி நல்லா இருக்கா?” என்று வாலு சிரிப்பாள்.

“நாடிக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. மீதியைத்தான் யாரும் கேக்குறதில்ல.”

மூன்று பேரும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போதே பெரியவளுக்கு வயிறு எரியும். வீடு என்னுடையது, ஜன்னல் என்னுடையது, சிக்னல் வருவதும் என் வீட்டுக்கு, நாற்காலி மட்டும் இவளுக்கா? இவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு மாசமும் அந்தக் குழந்தை யார் மேல் காலைப் போட்டுத் தூங்கியது? பள்ளிக்கூடச் சீருடை ஒவ்வொன்றும் யார் கையால் தைத்தது? ஆனாலும் போனில் ‘பெரியம்மா’ வருவது நாளைக்கு இரண்டு தடவை, மிஞ்சிப்போனால் மூன்று. ‘அம்மா’ வருவதற்கு அளவே கிடையாது. அவள் எண்ணிப் பார்த்திருக்கிறாள். எண்ணுகிறோமே, கேவலமாக இருக்கிறதே என்றும் நினைத்திருக்கிறாள். நினைத்துவிட்டு மறுநாளும் எண்ணினாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் ஒரு திங்கட்கிழமை காலை மஞ்சள் தொப்பிக்காரர் வந்தார். செல்போன் கம்பெனியின் மேஸ்திரி. நல்ல தாட்டியான ஆள். நான்கு மாடி ஏறியதில் வாயைத் திறந்தும் ஒரு நிமிஷம்வரை பேச்சு வரவில்லை. பெரியவள் தண்ணீர் கொடுத்தாள்.

“இந்த ஏரியா பூரா பழைய ஆன்டெனாவை எடுத்துட்டு புதுசு போடுறோம்மா. நெட்வொர்க் சும்மா பறக்கும். கீழ்த்தெருதான் எங்க மேப்ல கறுப்பா கெடக்கு, அந்தக் கிடங்கு மறைக்குதுல்ல. உங்க மொட்டைமாடிச் சுவர்ல கீழ பாத்த மாதிரி ஒண்ணு மாட்டிட்டா தீந்துச்சு. ஓனர் சரின்னுட்டாரு. மாடிச் சாவி உங்ககிட்ட இருக்குன்னாரு.”

“கீழ எதுவரைக்கும் சிக்னல் போகும்?”

“கடைசி வீடு வரைக்கும் போகும். சமையல்கட்டுல உக்காந்துட்டே படம் பாக்கலாம்.”

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசி வீட்டில் சிக்னல் வந்துவிட்டால் சின்னவள் எதற்கு நாலு மாடி ஏறப்போகிறாள்? அவள் ஏறாவிட்டால் இந்த வீட்டு ஜன்னலில் வாலு எங்கிருந்து வருவாள்? நாடியாவது தெரிந்துகொண்டிருந்தது, இனி அதற்கும் வழியில்லை.

“சாவியை எங்கயோ வெச்சுட்டேன். தேடிப் பாத்துச் சொல்றேன்,” என்றாள்.

எங்கேயும் வைக்கவில்லை. மிஷின் டிராயரில், நூல் சுற்றும் பாபின்களுக்கு நடுவே, சிவப்புத் துணி கட்டிய வளையத்தோடு கிடந்தது. மழைக்கு மேல்கூரை ஒழுகினால் ஒழிய அந்த மாடிக்கு யாரும் போவதில்லை. அதனால் சாவியை யாரும் கேட்டதும் இல்லை. வாயில் சட்டென்று வந்த பொய் அது. சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு வசதியான பொய் என்று அவளுக்கே புரிந்தது.

அன்று சாயங்காலம் சின்னவள் வந்ததும் முதல் பேச்சே அதுதான்.

“டவர்க்காரங்க வந்தாங்களாமே அக்கா? கீழ எல்லாரும் அதையேதான் பேசுறாங்க.”

“வந்தாங்க, வந்தாங்க. சாவிதான் கெடைக்க மாட்டேங்குது.”

“உன் வீட்டுல ஒரு பொருள் கெடைக்கலையா? ஊசி விழுந்தா கண்ண மூடிட்டு எடுப்பியே.”

“வயசாகுதுல்ல. உனக்கு மட்டும்தான் ஆகணுமா?”

சின்னவள் ஜன்னல் மூலைக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்து வலது முட்டியை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டுக்கொண்டாள். கிடங்குக் குளிரில் வருஷக்கணக்காக நின்று நின்று அந்த முட்டி போய்விட்டிருந்தது. படி ஏறும்போது ‘கடக் கடக்’ என்று சத்தம் கேட்கும். பெரியவள் அந்தச் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கப் பழகியிருந்தாள்.

மஞ்சள் தொப்பி புதன்கிழமை வந்தார், வெள்ளிக்கிழமை வந்தார், அடுத்த செவ்வாயும் வந்தார். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு, “இன்னைக்காவது கண்ணுல பட்டுச்சாம்மா?” என்பார். பெரியவள் உதட்டைப் பிதுக்குவாள். பூட்டை உடைக்க ஓனரிடம் கடிதம் வாங்க வேண்டும், ஓனரோ வெளிநாட்டில் மகன் வீட்டில் இருந்தார்.

“இந்த மாசத்துக்குள்ள முடிக்கலைன்னா எங்க ஆளுங்கள வேற ஏரியாவுக்கு மாத்திடுவாங்க. அப்புறம் கீழ்த்தெருவுக்கு அடுத்த வருஷம்தான்,” என்று கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் என்ற சொல் பெரியவளுக்குத் தேனாக இனித்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்த வாரம் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஜிப் தைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் சின்னவள் வரவில்லை.

ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்கால் ஆயிற்று. பெரியவள் கதவைத் திறந்து படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து தன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் மூலை நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி இன்று அவளுக்குத்தான், போனில் நாலு கோடும் முழுசு. அம்மா எடுக்கவில்லை என்றால் பெரியம்மாவைக் கூப்பிட மாட்டாளா? கூப்பிடுவாள், கூப்பிடுவாள் என்று ஆறேகால் வரை பார்த்தாள். போன் மூச்சு விடவில்லை.

கீழே இறங்கிப் போனாள். சின்னவள் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தாள். முட்டி வீங்கித் தேங்காய் அளவுக்கு இருந்தது. பக்கத்தில் போன், அதன் மூலையில் சிக்னல் இல்லை என்று ஒரு பெருக்கல் குறி.

“இன்னைக்கு ஏற முடியலக்கா. டாக்டர் படியே ஏறக் கூடாதுங்கறாரு. வாலு பயந்துட்டிருப்பா. நீ கொஞ்சம் கூப்பிட்டுச் சொல்லிடேன்.”

“சொல்றேன்.”

சொன்னாள், ஆனால் பேசிச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் ‘அம்மாவுக்கு முட்டி வலி, பயப்படாதே’ என்று ஒரு வரி தட்டி அனுப்பினாள். ‘சரி பெரியம்மா, பாத்துக்கோங்க’ என்று ஒரு வரி வந்தது. பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் காலை மஞ்சள் தொப்பிக்குப் போன் போட்டு, சாவி கிடைத்துவிட்டது என்றாள். மனசு இளகிப்போய்க் கொடுத்தாள் என்று நான் பூசி மெழுக மாட்டேன். தங்கையின் முட்டியைப் பார்த்துக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கணக்கு வேறு. தங்கை இனிப் படி ஏறப்போவதில்லை. ஏறாத தங்கைக்காகச் சாவியை ஒளித்து வைத்து யாருக்கு என்ன லாபம்? போகட்டும், நல்ல பெயராவது மிஞ்சட்டும் என்றுதான் கொடுத்தாள்.

இரண்டு நாள் தலைக்குமேல் துளை போடும் சத்தம். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, மிஷின்மேல் சுண்ணாம்பு உதிர்ந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் மஞ்சள் தொப்பி கதவைத் தட்டி, “முடிஞ்சுதும்மா. கீழ போய்ச் சோதிச்சுப் பாத்தாச்சு, கடைசி வீட்டுல நாலு கோடும் முழுசா வருது,” என்று சாவியை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. பெரியவளும் சிரித்து வைத்தாள்.

அன்று ஐந்தரைக்கு யாரும் கதவைத் தட்டவில்லை. பெரியவள் பழக்கதோஷத்தில் தலை வாரியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, நூல்கண்டுப் பெட்டிமேல் தன் போனைச் சாய்த்து வைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக வாலுவைத் தானாகவே கூப்பிட்டாள். வேறு அழைப்பில் இருக்கிறார் என்றது போன்.

சரி, ஆறு மணிக்கு முடித்துவிடுவார்கள். இங்கே பேசும்போது இருபத்தைந்து நிமிஷத்துக்குமேல் என்றைக்காவது போயிருக்கிறதா? ஆறு மணிக்குக் கூப்பிட்டாள். வேறு அழைப்பு. ஆறேகாலுக்கும் வேறு அழைப்பு, ஆறரைக்கும் வேறு அழைப்பு. அப்படி என்னதான் பேசுவார்கள்? தன் முன்னால் இருபத்தைந்து நிமிஷத்தில் தீர்ந்துபோகிற பேச்சு, தான் இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் நீள்கிறது என்றால், இத்தனை நாளும் எதையெல்லாம் தன் காதுக்கு வராமல் பிடித்து வைத்திருந்தார்கள்? பெரியவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. வாலுவேதான்.

“என்னாச்சு பெரியம்மா? இத்தனை தடவ கூப்பிட்டிருக்கீங்க. அம்மாகிட்ட இப்பத்தான பேசிட்டு வெச்சேன், நல்லாத்தான இருந்தாங்க?”

சுருக்கென்றது. பெரியம்மாவிடமிருந்து போன் வந்தால் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அர்த்தமா?

“உங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான், சும்மா பேசலாம்னு.”

“ஓ. சொல்லுங்க பெரியம்மா.”

என்னத்தைச் சொல்வது? திரையின் மூலையில் சின்னச் சதுரத்தில் பெரியவளின் சொந்த முகம் நெற்றி முதல் நாடி வரை முழுசாகத் தெரிந்தது. பேச்சுதான் வரவில்லை. அம்மாவும் மகளும் பேசுவதற்கு நடுவே ஒரு வார்த்தையைச் சொருகித்தான் அவளுக்குப் பழக்கம். ஆரம்பித்து வைக்கத் தெரியவில்லை. பேண்ட் நீளம் குறைத்த கதையையா சொல்ல முடியும்? வாலு பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தமாகச் சொல்வதற்கு என்று பெரியவளிடம் இருந்தது ஒரே ஒரு விஷயம்தான். அதுவே வாயில் வந்துவிட்டது.

“மாடிச் சாவி தொலையவே இல்லடி. என்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் குடுக்கல. நீ உங்கம்மாகிட்ட அவ வீட்டுலயே பேசிக்குவியே, அப்புறம் யாரு இங்க வரப்போறானு வயித்தெரிச்சல்.”



“தெரியும் பெரியம்மா.”

“என்ன தெரியும்?”

“டவர்க்காரங்க வந்த மறுநாளே அம்மா சாவியைப் பாத்துட்டாங்க. நீங்க உள்ள போயிருந்தப்ப, பட்டன் தைக்க ஊசி தேடி மிஷின் டிராயரைத் தெறந்திருக்காங்க. மூணாவது மாடிப் படியில, முட்டி வலிக்குதுன்னு உக்காருவாங்கள்ல, அங்க ஒரு கோடு சிக்னல் கெடைக்கும். அங்க இருந்து எனக்கு மெசேஜ் போட்டாங்க. போய்க் கேளுங்க, இல்லேன்னா நான் கேக்குறேன்னு சண்டை போட்டேன். அம்மா விடல. ‘அக்காவுக்கு நாள் பூரா அது ஒண்ணுதான்டி இருக்கு. நான் ஏறிக்கறேன், நீ வாயை மூடு’ன்னுட்டாங்க.”

தெரிந்துகொண்டே ஏறியிருக்கிறாள். முட்டி ‘கடக் கடக்’ என்று சத்தம் போட, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தெரிந்துகொண்டே நாலு மாடி ஏறியிருக்கிறாள். வந்து உட்கார்ந்து, சாவி கிடைத்ததா என்றுகூட ஒரு வார்த்தை கேட்காமல் சிரித்துப் பேசியிருக்கிறாள். பெரியவளுக்கு வெட்கம் வரத்தான் செய்தது, முகம் கொதித்தது. திரையில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அந்த வெட்கத்தையும் முந்திக்கொண்டு அதே பழைய வயிற்றெரிச்சல் வந்துவிட்டது. 

“படியில உக்காந்து மெசேஜ் போடுவாளா? தினமுமா?”

“தினமும்தான் பெரியம்மா. மூணு வருஷமா.”

“என்னென்ன போடுவா?” என்று கேட்டாள் பெரியவள்.