ஒரே பேசினில் கை கழுவியவர்கள்

காலரா வராமலிருக்க, எல்லோரும் ஒரே பேசினில் கை முக்காமல், ஊற்றும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று வீடுவீடாகச் சொல்பவள் சுகாதாரத் தொண்டர் டிவோங்கே. ஆனால் மாமனாரின் இழவு வீட்டில் சாப்பாட்டுக்கு முன் வழக்கப்படி, மாமனாரின் தம்பி தொடங்கி எல்லோரும் கை கழுவ ஒரே பேசின் கைமாறியபோது, பெரியவர்கள் முன் மருமகள் வாய்திறப்பது மரியாதையாக இருக்காதென்று சும்மா இருந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் நாத்தனார் வெசி காலரா வந்து படுத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

“தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன் வெசி. கடவுள் என்னை மன்னிப்பாரா?” டிவோங்கே அழுதாள்.

வெசி வறண்ட உதடுகளால் சிரித்தாள். “ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுவீங்க. எங்க சித்தப்பாவைக் கண்டா மட்டும் நாக்கு ஒட்டிக்குமா அண்ணி?”

“ஒட்டிக்கிச்சே, கண்ணு.”

“நான் பிழைச்சுக்குவேன். வீட்டுல இன்னும் அதே பேசின்லதான் கை கழுவுறாங்க. போங்க.”

டிவோங்கே ஓடினாள். சித்தப்பா பேசினுக்குள் கைவிடப் போனார். அவள் சொம்புத் தண்ணீரோடும் சோப்போடும் அவர்முன் மண்டியிட்டாள்.

“மாமா, கையை நீட்டுங்க. நான் ஊத்துறேன்.”

எல்லோரும் பார்த்தார்கள். கிழவர் ஒரு கணம் தயங்கிவிட்டு, இரு கைகளையும் நீட்டினார்.

இவ்வளவுதானா! அன்றே ஊற்றியிருக்கலாமே என்று அவள் நெஞ்சு உறுத்தியது. அடுத்தவர் கைக்குத் தண்ணீர் ஊற்ற நகர்ந்தாள்.