பாய்க் கூலி

கணவனின் சட்டைக்கு மூன்றாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் அதைச் சொன்னாள்.

"இன்னைக்கு சூப்பர்வைசர்கிட்ட கேக்கப் போறேன். உங்க மெஷின்ல நான்தானே தைக்கிறேன்? எனக்கும் ஸ்டூல் கூலி வேணும்."

அவன் மாவுக்கட்டுப் போட்ட வலது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பைக்கிலிருந்து விழுந்து கை முறிந்ததிலிருந்து அவனுக்குச் சட்டை மாட்டிவிடுவது அவள்தான்.

"காலங்காத்தால ஆரம்பிக்காத. ஏதோ கை ஒடஞ்சு கெடக்கேன்னு பாதிக் கூலி குடுக்குறாங்க. அதுல மண்ணள்ளிப் போடணுமா?"

"படுத்துக் கெடக்குற உங்களுக்கு வர்ற பாதி, தைக்கிற எனக்கு வர்ற முழுசை விட அதிகங்க."

"அது தையக்காரன் கூலி. நீ பாய்ல உக்கார்றவ."

"இப்ப நான் எங்க உக்கார்றேன்?"

அவன் கழுத்தை நெளித்தான். "மேல் பட்டனைக் கழட்டு. மூச்சு முட்டுது" என்றான்.

இருவருக்கும் ஒரே தையல் கூடத்தில்தான் வேலை. அங்கே கோட்டுத் தைத்தார்கள். ஆண்கள் ஸ்டூலில் உட்கார்ந்து மெஷின் ஓட்டுவார்கள். பெண்கள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பார்கள், பொத்தான் வைப்பார்கள், பிசிறு வெட்டுவார்கள். ஒன்று ஸ்டூல் கூலி, மற்றது பாய்க் கூலி. வேலைக்குக் கூலி என்பது பேச்சுதான். அங்கே உட்காரும் இடத்துக்குத்தான் கூலி. இடுப்பு வலிக்கிறது, ஒரு ஸ்டூல் கொடுங்கள் என்று பாயிலிருந்து ஒருத்தி எப்போதோ கேட்டாளாம். "ஸ்டூல் குடுத்தா கூலியும் குடுக்கணுமேம்மா" என்று சூப்பர்வைசர் சிரித்தாராம். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டாளாம்.

கோட்டுக்குக் காலர் வைப்பது அவள் கணவனின் மெஷினில் மட்டும்தான். அவன் கை முறிந்ததும் கோட்டுகள் கழுத்தில்லாமல் குவிந்தன. கல்யாணத்துக்கு முன்பு அவளும் தையல்காரிதான் என்பது சூப்பர்வைசருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மெஷினில் உட்காரச் சொன்னார். அவளும் ஆசையோடுதான் போனாள். போனால், மெஷின் முன்னால் ஸ்டூல் இல்லை. நூல்கண்டு வந்த மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஸ்டூல் கால் ஆடுகிறது போலிருக்கிறது, பழுதுபார்க்கப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பாயில் மூத்தவளான பெரியக்காதான் உடைத்துச் சொன்னாள். "ஸ்டூல் சூப்பர்வைசர் ரூம்ல பீரோ மேல பத்திரமா இருக்குடி. உன்னை அதுல உக்கார வச்சா கணக்கு இடிக்குமாம். அதான் பொட்டி!"

வீட்டில் சொல்லிவிட்டுப் போன அன்று, அவள் சூப்பர்வைசரிடம் கேட்டேவிட்டாள்.

"சார், நான் வச்ச காலர்ல ஏதாவது திரும்பி வந்துச்சா?"

"ஒண்ணுகூட வரலையேம்மா. யாரு என்ன சொன்னா?"

"அப்ப எனக்கு ஸ்டூல் கூலி..."

"நீ எங்கம்மா ஸ்டூல்ல உக்காந்த?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். நல்ல மனிதர்; தினமும் கணவனின் கையைப் பற்றி விசாரிப்பவர். அந்தக் கூடத்தில் அநியாயம் செய்வதற்கு யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை.

"அப்ப அந்த ஸ்டூலை எறக்கிக் குடுங்க சார்."

"உனக்குக் குடுத்தா பாய் மொத்தமும் எந்திரிச்சு வந்து நிக்கும். ஆம்பளைங்க குடும்பத்தைக் காப்பாத்துறவங்கம்மா."

"நாங்க பொழுது போகாமத்தான் வர்றோம் சார்!" என்று பாயிலிருந்து பெரியக்கா குரல் கொடுத்தாள். "வீட்ல படுத்துப் படுத்து ஒடம்பெல்லாம் வலிக்குது." புருஷன் விட்டுப்போன பிறகு நாலு பேருக்கு அவள் ஒருத்திதான் உலை வைக்கிறாள். பாய் முழுவதும் சிரித்தது.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "பாவம், நீ கேக்குறதுலயும் ஞாயம் இருக்கு. மொதலாளிகிட்ட பேசுறேன்" என்றார்.

பேசியும்விட்டார். சாயங்காலம் வீட்டுக்கே வந்தார்.

"மாஸ்டர், வழி கெடச்சிருச்சு. நாளையிலேர்ந்து நீங்க வந்து ஸ்டூல்ல உக்காருங்க. சும்மா உக்காந்தா போதும். ஸ்டூல்ல ஆள் இருந்தா முழுக் கூலி போடலாம்னு மொதலாளியே சொல்லிட்டாரு. பக்கத்துல பொட்டியைப் போட்டுக்கிட்டு இந்தம்மா ஓட்டிரும்."

கணவனின் முகம் மலர்ந்தது. "பாத்தியா? கேட்ட, கெடச்சிருச்சு!"

"முழுக் கூலி யாரு பேருலங்க?"

"யாரு பேருல இருந்தா என்ன? ஒரே வீட்டுக்குத்தானே வருது!"

அவள் இருவருக்கும் தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுவிட்டாள். மூச்சு முட்டுகிறது என்றான். "இருக்கட்டும். வேலைக்குப் போறவரு" என்றாள்.

பீரோ மேலிருந்து ஸ்டூல் இறங்கியது. தூசி தட்டிப் போட்டார்கள். கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு கணவன் அதில் உட்கார்ந்தான். பக்கத்தில் மரப்பெட்டி. மேசையில் காலர் இல்லாத கோட்டுகள் மலையாய்க் குவிந்திருந்தன. மதியம் சரக்கு வண்டி வந்துவிடும்.

அவள் வந்தாள். பெட்டியைத் தாண்டிப் போய்ப் பொத்தான் டப்பாவை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்தாள்.

"என்னம்மா, மெஷின்?" என்றார் சூப்பர்வைசர்.

"மெஷின்லதான் ஆள் இருக்காரே சார்."

"ஏய், வெளையாடாத. எல்லாரும் பாக்குறாங்க" என்று கணவன் பல்லைக் கடித்தான்.

"பாக்கட்டுங்க. ஸ்டூல்ல உக்காந்தவருக்கு ஸ்டூல் கூலி, பாய்ல உக்காந்தவளுக்குப் பாய்க் கூலி. நான் போட்ட கணக்கா?"

கூடத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெரியக்கா கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "மாஸ்டர், சீக்கிரம் காலரை வச்சுக் குடுங்க. பட்டன் வைக்க நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்ல."

கணவன் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரக்கு வண்டி காலியாகத் திரும்பியது. அன்று ஒரு காலர்கூட வைக்காத ஸ்டூலுக்கு முழுக் கூலி எழுதினார்கள். பொத்தான் வைக்கக் கோட்டு வராததால் பாய்க்கு அரை நாள் கூலியைப் பிடித்தார்கள்.

அடுத்த நாளும் அவள் கணவனுக்குச் சட்டை மாட்டிவிட்டு, மேல் பொத்தான்வரை போட்டு, அவனுக்கு முன்னால் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். பாயில் ஒருத்திகூட அவளை எழுந்து மெஷினுக்குப் போகச் சொல்லவில்லை.