பால்கனிக்கு எதிரே

வானம் தெரியும் என்று ஆசை ஆசையாய் வாங்கிய பதினெட்டாம் மாடி வீடு அது. எதிரே முளைத்த புதுக் கட்டடமோ வளர்ந்து வளர்ந்து இன்று அவர்கள் உயரத்துக்கே வந்துவிட்டது.

துணி காயப்போட பால்கனிக்கு வந்தவளைப் பார்த்து, எதிரே கம்பி கட்டிக்கொண்டிருந்தவன் இரண்டு கைகளையும் ஆட்டினான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னங்க, இங்க வாங்க! வானத்த மறைச்சது போதாதுன்னு ஒருத்தன் கைய வேற ஆட்டுறான்!"

கணவன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். எதிரே இருந்தவன் தலையில் அடித்துக்கொண்டு கத்தினான்.

"ஐயோ, ரெண்டு பேரும் நிக்காதீங்க! உங்க காலுக்கு அடியில பால்கனி விரிசல் விட்டிருக்கு! மெதுவா உள்ள போங்க!"

அவளுக்குக் காலைத் தூக்கவே பயம். அதற்குள் பால்கனி ஒருமுறை குலுங்கியது. கணவனின் கையைப் பிடிக்கத் துழாவினாள்.

அவன் உள்ளே குதித்ததில்தான் அது குலுங்கியிருந்தது.