ஐந்து புத்தகங்களில் இறந்தவர்

என் மனைவி டெப்பின் அக்கா எல்னா ரவுட்டியோ கதை எழுதுகிறவள். ஐந்து புத்தகங்கள் வந்திருக்கின்றன. சிகாகோவில் உட்கார்ந்துகொண்டு எங்கள் பெல்டனைப் பற்றியே எழுதினாள். ஊருக்கு வேறு பெயர் வைப்பாள், அவ்வளவுதான். சுப்பீரியர் ஏரி அதே ஏரி, மூடிக் கிடக்கும் செப்புச் சுரங்கம் அதே சுரங்கம். மளிகைக் கடையில் முகத்தைப் பார்க்காமல் சில்லறை கொடுக்கும் பெண்மணி கூட அப்படியே வருவாள். புத்தகம் வெளியானதும் ஊரே வாங்கித் தன்னைத் தேடும். தான் அதில் இருந்தால் கோபம், இல்லாவிட்டால் அதைவிடக் கோபம்.

அவர்களுடைய அப்பா வைனோ மட்டும் தேட வேண்டியதில்லை. எல்லாப் புத்தகத்திலும் அவர் இருப்பார், எல்லாவற்றிலும் செத்துப்போவார். முதல் நாவலில் ஏரியின் பனித்தளம் உடைந்து மூழ்கினார். அடுத்ததில் சுரங்கக் குழிக்குள் விழுந்தார். அதற்கடுத்ததில் சவுனா என்ற நீராவிக் குளியல் அறைக்குள் இதயம் நின்றது. நான்காவதில் மான் வேட்டைக்குப் போன இடத்தில் மகன் சுட்ட குண்டு பட்டது. வைனோவுக்கு மகனே கிடையாது. கடைசிப் புத்தகத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பிப் போய் நெவாடாவில் ஏதோ ஒரு விடுதி அறையில் தனியாகக் கிடந்தார்.

நிஜ வைனோ எண்பதைத் தாண்டியும் பெல்டனில்தான் இருந்தார். மனைவி போனபின் தனியாக, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அஞ்சலகத்தில் யாராவது அவரைப் பிடித்துக்கொள்வார்கள்.

"என்ன வைனோ, இந்தத் தடவை எப்படிப் போனீங்க?"

"துப்பாக்கிதான். அதிகமா வலிக்கல" என்பார், தபால்தலையை நாக்கில் நனைத்துக்கொண்டே.

அந்தப் பிப்ரவரியில் டெப்புக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன் நான்; குளிர்காலத்தில் விடுப்பு என்ற பேச்சே கிடையாது. வைனோவுக்கோ இதயம் பலவீனம். கூட யாராவது இருக்க வேண்டும் என்று டெப் அக்காவை வரச் சொன்னாள். எல்னா வந்தாள்.

வந்தவளுக்கு ஓரிடத்தில் இருப்பு கொள்ளவில்லை. காப்பியை ஊற்றுவாள், குடிக்காமல் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போவாள். அப்பா தொலைக்காட்சியில் பனி ஹாக்கி பார்க்கும்போது அவர் பக்கத்தில் உட்காருவாள், அரை நிமிடத்தில் எழுந்து அலமாரிக் கதவுகளைத் திறந்து மூடுவாள். "எதைத் தேடுறே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்பாள். மூன்று வருடமாக அவளுக்கு எழுத வரவில்லை என்பது டெப் சொல்லி எனக்குத் தெரியும்.

"சும்மா நடக்குறா க்ளென்" என்றார் வைனோ என்னிடம். "இவ வீட்டுக்குள்ள இருந்தா எனக்கே மூச்சு வாங்குது."

டெப்பை அறுவைக்கு உள்ளே கூட்டிப்போன அன்று, நான் சாலையில் இருந்தேன். எல்னாவின் அழைப்பு வந்தது.

"அப்பாவைக் காணோம்."

"காணோம்னா?"

"பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தா ஆளில்லை. கோட்டும் கைத்தடியும் இல்லை."

"கடை பக்கத்துலதானே இருக்கு? எவ்வளவு நேரமாச்சு?"

"நான் வண்டியை ஓட்டிக்கிட்டே எங்கேயோ போயிட்டேன். கலங்கரை விளக்கம் வரைக்கும். வீட்ல இருக்க முடியலை."

நான் லாரியை வைனோ வீட்டுப் பக்கம் திருப்பி அவளை ஏற்றிக்கொண்டேன். காவல் அலுவலகத்தில் சொல்லிவிட்டாளாம். அண்டை வீடுகளில் யாரும் பார்க்கவில்லை. டெப்பிடம் கேட்கலாமென்றால் அவள் மயக்க மருந்தில் கிடந்தாள். காற்று பனியை வாரி வாரிச் சாலைமேல் போட்டுக்கொண்டிருந்தது.

"எங்கே போகலாம்?" என்றேன்.

"ஏரிக்கு" என்றாள் உடனே.

கரையோரம் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கும் ஆட்கள் குடில்களுக்குள் இருந்தார்கள். எல்னா சறுக்கிக்கொண்டு ஓடி ஒவ்வொரு குடிலாகக் கதவைத் தட்டினாள். என்னோடு பள்ளியில் படித்த ரஸ் ஹைக்கிலா தலையை நீட்டினான்.

"உங்கப்பா இங்க வரலையே, எல்னா. இது முதல் புத்தகம். அஞ்சாவதுலேர்ந்து பின்னாடி தேடிப் பாக்குறதுதானே?"

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். அவள் முகத்தைப் பார்த்ததும் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான். "மன்னிச்சுக்கோ. நானும் இந்தக் கரையை ஒரு தடவை சுத்திப் பாக்குறேன்."

சுரங்கத்துக்குப் போகச் சொன்னாள். அங்கே குழிவாயை எப்போதோ கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று அந்தச் சாம்பல் பலகையைப் பார்த்தாள்.

"இது திறந்துல்ல இருக்கும்?"

"நம்ம சின்ன வயசுலயே மூடிட்டாங்க எல்னா."

"நான் திறந்து இருக்குன்னு எழுதினேன்" என்றாள்.

அவர்களுடைய பழைய பண்ணையில் இருந்த சவுனாவின் கூரை சரிந்து, கதவு முட்டப் பனி. காலடித் தடமே இல்லை. அப்படியும் மண்வாரியை வாங்கிப் பனியைத் தோண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். மேப்பிள் மரக்காட்டில் வேட்டைக்காரர்கள் ஒளிந்திருக்கும் பரண் வரை நடந்தோம். ஒரு காகம் மட்டும் இருந்தது. லாரிக்குத் திரும்பியதும் கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

"அடுத்தது நெவாடாதான்" என்று சொல்லிவிட்டு, அழத் தொடங்கினாள். நான் வெப்பக் காற்றைக் கூட்டினேன். அந்த நேரத்தில் வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் டெப் கூப்பிட்டாள். குரல் குழறியது. விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னிக்கு வியாழக்கிழமையா?" என்றாள்.

"ஆமா."

"ஹார்மன்ல நீச்சல் குளத்துல இருப்பாரு. முதியோர் வேன் வந்து கூட்டிட்டுப் போகும்."

போனை எல்னா பிடுங்கிக்கொண்டாள். "அப்பாவுக்கு நீச்சலே தெரியாதே!"

"நல்லாத் தெரியும். இருபது வருஷமாப் போறாரு."

"ஏன்டீ என்கிட்ட சொல்லலை?"

"அவர்தான் சொல்லக் கூடாதுன்னாரு. அவகிட்டச் சொன்னா எழுதிடுவான்னாரு. க்ளென்கிட்டயும் சொல்லலை, அவன் வாயில எதுவும் நிக்காது." கொஞ்சம் இருமினாள். "நீயும் ஒருநாளாவது கேட்டிருக்கணும்ல. நாள் பூரா என்னப்பா பண்றீங்கன்னு."

ஹார்மன் பக்கத்து ஊர். லாரியிலேயே போனோம்.

குளத்தில் வயதான பெண்கள் வரிசையாக நின்று தண்ணீருக்குள் கை வீசிக்கொண்டிருந்தார்கள். கடைசித் தடத்தில் மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் மல்லாந்து மிதந்தபடி மெதுவாகக் கையைப் போட்டு வந்தார். ஒல்லியான, வெளுத்த கைகள். எல்னா பனிக் காலணியோடு ஈரத்தரையில் போய் நின்றாள். பணியாள் கத்தினான், அவள் காதில் விழவில்லை.

வைனோ ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தெரிஞ்சுபோச்சா" என்றார்.

"செத்துட்டீங்கன்னு நினைச்சேன்."

"அது உனக்குப் பழக்கம்தானே."

அவள் குந்தி உட்கார்ந்தாள். "எப்போ கத்துக்கிட்டீங்க?"

"நீ என்னை ஏரில முக்கினியே, அந்த வருஷம். படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரலை. தண்ணி மூக்குல ஏறுறது, மேல பனியைக் கையால தட்டித் தட்டிப் பாக்குறது, எல்லாம் சரியா எழுதியிருந்தே. எங்கப்பாவுக்கும் நீந்தத் தெரியாது, எனக்கும் தெரியாது. கத்துக்கலாமேன்னு வந்தேன். முதல் நாள் இடுப்பளவு தண்ணியில நின்னு நடுங்கினேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "மத்தது எதுக்கும் ஒண்ணும் பண்ண முடியலை. துப்பாக்கியை வித்தேன். அவ்வளவுதான்."

பெண்களில் ஒருத்தி, "வைனோ, இதுதான் அந்தப் பொண்ணா?" என்று கேட்டாள். "இதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் எல்னாவிடம் திரும்பினார்.

"நானும் ஒண்ணு கேக்கணும். எதுக்கும்மா திரும்பத் திரும்ப? அவ்வளவு கெட்ட அப்பனா நான்?"

"இல்லப்பா." எழுந்தாள், இரண்டடி போனாள், திரும்பி வந்து அதே இடத்தில் குந்தினாள். "அம்மா போனப்ப எனக்கு ஒண்ணுமே புரியலை. நீங்க போனா எப்படி இருக்கும்னு முன்னாடியே எழுதிப் பாத்துக்கிட்டேன். பழகிடும்னு நினைச்சேன்."

"பழகுச்சா?"

"இல்லை."

வைனோ ஏணியைப் பிடித்து மேலே ஏறினார். பிறகு, "அந்தத் துண்டை எடு. குளிருது" என்றார்.

ஒரு வாரத்துக்கு வந்தவள் மே மாதம் வரை இருந்தாள். செவ்வாயும் வியாழனும் அப்பாவை அவளே கூட்டிப்போனாள். கதை முடிந்தது, அவள் அடங்கிவிட்டாள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவள் அப்படியேதான் இருந்தாள். அவர் நீந்தும்போது குளத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். "உட்காருடி, எனக்குத் தலை சுத்துது" என்று அவர் தண்ணீருக்குள்ளிருந்தே திட்டுவார். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வீடு திரும்புவார்கள், வழியில் பாஸ்டி என்ற அடைத்த பலகாரத்தை வாங்கிச் சூடாறுமுன் வண்டியிலேயே தின்பார்கள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் இருக்கையெல்லாம் உதிர்ந்து கிடக்கும்.

அக்டோபரில் அவருக்கு நுரையீரலில் சளி கட்டி, மருத்துவமனையில் சேர்த்தோம். டெப் சொன்னவுடன் எல்னா சிகாகோவிலிருந்து காரில் கிளம்பிவிட்டாள். அவர் உயிர் போன நேரத்தில் அவள் பாதி வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றிருந்தாள். வந்து சேர்ந்தபோது அவர் கட்டிலைக் காலி செய்து விரிப்பையும் மாற்றிவிட்டார்கள்.

"கடைசியா என்ன சொன்னாரு?" என்று டெப்பைக் கேட்டாள்.

"ஜன்னலைச் சாத்தச் சொன்னாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை. சாத்தினேன். தூங்கினாரு."

எல்னா வாகன நிறுத்துமிடத்தில் இருட்டும் வரை நடந்தாள். டெப் இன்னும் முழங்காலைத் தாங்கித்தான் நடப்பாள். அவளும் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனாள், ஒரு காரின் மேல் சாய்ந்துகொண்டாள், அக்கா சுற்றி வரும்போதெல்லாம் கூட இரண்டடி நடந்தாள்.

ஆறாவது புத்தகம் போன மாதம் வந்தது. சிகாகோவில் பேருந்து ஓட்டும் ஒருத்தியின் கதை. பெல்டனும் இல்லை, அப்பாவும் இல்லை. ஊரில் பலருக்கு ஏமாற்றம். "அவளுக்கு நம்ம ஊரு சலிச்சுப்போச்சு" என்றான் ரஸ். டெப் சமையலறை மேசையில் அதை வைத்துக்கொண்டு படிக்கிறாள். பாதி தாண்டிவிட்டாள். எப்படி இருக்கிறது என்று நேற்றுக் கேட்டேன். பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "பேசாம இரு க்ளென்" என்றாள்.