ஒன்பது வயது அலீடா

ஐம்பத்தெட்டு வயது ஆவதற்கு மூன்று வாரம் இருந்தபோது, தன் வீட்டுக் கம்ப்யூட்டரின் கணக்கில் தனக்கு வயது ஒன்பதுதான் என்று அலீடாவுக்குத் தெரியவந்தது.

பிறந்தநாளுக்கு வருகிற பெண்களுக்குச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில், முட்டையும் பிராந்தியும் சேர்த்துச் செய்த அந்த மஞ்சள் மதுவை ஊற்றித் தருவது அவள் வீட்டு வழக்கம். ஊரில் அதை விற்ற கடையை மூடிவிட்டார்கள். பக்கத்து நகரமான குரோனிங்கனில் கிடைக்குமா என்று பார்க்க மதுக்கடை ஒன்றின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். திரை முழுக்கச் சிவப்பானது. நடுவில் ஒரு கரடிப் பொம்மை கையில் கேடயத்தோடு நின்றது. ‘இந்தப் பக்கம் உன் வயதுக்கு ஏற்றதல்ல. உன் காப்பாளரிடம் அனுமதி கேள்’ என்றது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: ‘குழந்தை: அலீடா. வயது: 9. காப்பாளர்: வுப்போ.’

வுப்போ அவள் தங்கை கேசினாவின் கணவன்.

அலீடா முதலில் சிரிக்கத்தான் செய்தாள். என்னவோ தப்பாகப் பதிந்துவிட்டான், மண்டு. ஆனால் கரடிக்குக் கீழே ‘காப்பாளர் உனக்கு எப்படி உதவுகிறார்?’ என்று ஒரு வரி இருந்தது. அதைத் தொட்டுப் படித்தாள். குழந்தை எந்தெந்தப் பக்கத்துக்குப் போனது, என்னென்ன சொற்களைத் தேடியது என்ற விவரமெல்லாம் திங்கட்கிழமைதோறும் காலையில் காப்பாளரின் மின்னஞ்சலுக்குப் போய்விடுமாம். இரண்டு தரம் படித்தாள். சிரிப்பு அதோடு போயிற்று.

கரடி ஆன்டிவைரஸோடு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது ஆன்டிவைரஸைத் தானே தேர்ந்தெடுக்கத்தான் அவள் நினைத்தாள். நுகர்வோர் பத்திரிகையை வாங்கிவந்து, ஆறு பெயர்களை ஒப்பிட்டு, பென்சிலால் குறி போட்டு, ஒன்றை முடிவும் செய்திருந்தாள். அப்போதுதான் வுப்போ காப்பி குடிக்க வந்தான். எதற்கு இந்தத் தலைவலி, தன்னிடம் ஐந்து கம்ப்யூட்டருக்கான குடும்ப பேக் இருக்கிறது, தனக்கு ஒன்று, கேசினாவுக்கு ஒன்று, வெளியூரில் படிக்கும் மகளுக்கு ஒன்று, ஊர்ப் பனிச்சறுக்குச் சங்கத் தலைவர் ஓக்கெவுக்கு ஒன்று போக, ஐந்தாவது சும்மா கிடக்கிறது என்றான். வாங்கின பொருளைச் சும்மா கிடக்கவிடுவது அந்த ஊரில் பாவம். அலீடாவும் அந்த ஊர்க்காரிதானே, சரி என்றாள். அவன் அவள் நாற்காலியில் உட்கார்ந்து அரைமணி நேரம் தட்டினான். அன்றைக்கு அவனுக்கு நல்ல பட்டாணி சூப் வேறு செய்து போட்டாள். இப்போது அந்த சூப்பைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

சூப்போடு போயிருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருப்பாள். ஏப்ரல் மாதம் நடந்தது ஒன்று இருந்தது.

அலீடாவின் பெயரில் ஊரோரம் ஒரு புல்வெளி உண்டு. நவம்பரில் சறுக்குச் சங்கம் அதில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் விட்டு நிறுத்தும். அது உறைந்தால் ஊரே சறுக்க வந்துவிடும். ஆனால் பனிக்காவலர் துளைக்கருவியால் துளைபோட்டு, பனிக்கட்டியின் கனம் அளந்து, பச்சைக் கொடி ஏற்றும்வரை ஒருத்தரும் கால் வைக்கக்கூடாது. பழைய பனிக்காவலரோடு பன்னிரண்டு குளிர்காலம் குனிந்து துளை போட்டவள் அலீடா. கிழவருக்கு இடுப்பு போனதும் கருவி அவள் கைக்குத்தான் வரும் என்று ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வந்தது வுப்போவின் கைக்கு. பனியின் மேல் நின்றே பழகாதவன், சங்கத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவன். தலைவர் ஓக்கெ தானே வீட்டுக்கு வந்து சொன்னார். சொல்லிவிட்டு, அவள் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். என்ன உடம்பு, யார் உடம்பு என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

இப்போது விளங்கிற்று. ஜனவரியில் அவளுக்குக் கை நடுங்கியது. பயந்துபோனாள். தங்கையிடம்கூடச் சொல்லாமல், நடுக்கம், நரம்பு, ஞாபகமறதி என்று இரண்டு வாரம் கம்ப்யூட்டரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் டாக்டரிடம் போனாள். தைராய்டு என்றார். மாத்திரை கொடுத்தார். மார்ச்சில் நடுக்கம் நின்றேவிட்டது. நோயைத் தேடினாள், அது திங்கட்கிழமை அவனுக்குப் போனது. குணமானதை யார் தேடுவார்கள்?

படுபாவி, என் பயத்தைத் தின்றல்லவா அந்தக் கருவியை வாங்கியிருக்கிறான் என்று மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். ஆன்டிவைரஸை அந்த நிமிஷமே பிடுங்கி எறியப் போனாள். நீக்க வேண்டுமானால் காப்பாளரின் பாஸ்வேர்ட் வேண்டும் என்று கரடி திரும்பவும் கேடயத்தைத் தூக்கிக் காட்டியது.

அலீடா அதை வெறித்துப் பார்த்தாள். கோபம் மெல்ல இறங்கி, அடியில் போய்க் கெட்டியாக உட்கார்ந்தது. இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டாள். திங்கட்கிழமை தோறும் தின்று ருசி கண்ட நாக்கு. இனி நானே பரிமாறுகிறேன்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் அரைமணி நேரம் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தாள். சோலார் கம்பெனி புல்வெளி வாங்குமா என்று தேடினாள். நிலத்தில் சூரியத் தகடு நட்டால் தண்ணீர் தேக்கலாமா என்று தேடினாள். சறுக்குச் சங்கத்துக்குச் சொல்லாமல் நிலத்தை விற்கலாமா என்று தேடியபோது அவளுக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது. அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் ஒரு கம்பெனிக்கும் அவள் போன் செய்யவில்லை. ஒரு கடிதம் எழுதவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட மூச்சு விடவில்லை. வேறு எந்த வழியாகவும் அது வெளியே போய்விடக்கூடாது என்பதில் கவனமாக இருந்தாள்.

இரண்டாவது திங்கட்கிழமை வுப்போவின் கார் புல்வெளி ஓரம் ஊர்ந்து போனதைச் சமையலறையிலிருந்து பார்த்தாள். புதன்கிழமையும் வந்தது. மூன்றாவது திங்கட்கிழமை கேசினா போன் செய்தாள். ஏதாவது பெரிய முடிவு எடுப்பதாக இருந்தால் அக்கா தன்னிடம் சொல்வாள்தானே என்று இழுத்தாள். தங்கையின் குரலில் கணவனின் கேள்வி அப்படியே கேட்டது. பாவம், இவளைத் தூது அனுப்புகிறான் என்று அலீடாவுக்கு இரக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிடி தளரவில்லை. ஒன்றுமில்லையே, கேக் மட்டும்தான் இன்னும் முடிவாகவில்லை என்றாள்.

சனிக்கிழமை பிறந்தநாள். காலையில் அலீடா முதல் வேலையாகத் தெருப்பக்கத்துப் பெரிய ஜன்னலின் திரையைக் கழற்றி மடித்து வைத்தாள். அந்தத் தெருவில் திரை போட்ட வீடு அவளுடையது ஒன்றுதான். குளிர்காற்றுக்காகப் போன வருஷம் போட்டது. மறைக்க ஒண்ணுமில்லாதவளுக்குத் திரை எதுக்கு என்று வரும்போதெல்லாம் வுப்போ கேலி செய்வான்.

மூன்று மணிக்கு எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் ஊர் வழக்கப்படி அலீடாவுக்கு வாழ்த்துச் சொல்லி, அக்காவின் பிறந்தநாளுக்காகக் கேசினாவுக்கு வாழ்த்துச் சொல்லி, மனைவியின் அக்கா பிறந்தநாளுக்காக வுப்போவுக்கும் வாழ்த்துச் சொல்லி, வட்டமாகப் போட்ட பதினோரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வுப்போ வாழ்த்துகளை மாப்பிள்ளை மாதிரி வாங்கிக்கொண்டான். காப்பி வந்தது. ஆளுக்கு ஒரு துண்டு கேக் வந்தது. மஞ்சள் மதுவும் வந்தது, அலீடா பஸ் பிடித்துப் போய் வாங்கிவந்தது.

வியாழக்கிழமையிலிருந்து பனி இறங்கும், மைனஸ் ஆறு என்கிறார்கள் என்றார் ஓக்கெ. துளைக்கருவியைத் தீட்டி வைத்தாயிற்றா என்று வுப்போவைக் கேட்டார். அலீடா குனிந்து காப்பியைக் கலக்கினாள்.

வுப்போ காலைத் தூக்கிக் காலின்மேல் போட்டுக்கொண்டான். “இந்த வருஷம் துளைச்சுப் பாத்துக்கலாம். அடுத்த வருஷம் அங்கே தண்ணி நிக்குமா, தகடு நிக்குமான்னு நிலத்துக்காரியைக் கேளுங்க.”

“எனக்குப் புரியலையே,” என்றாள் அலீடா. “விளக்கமாச் சொல்லேன்.”

அவ்வளவுதான், அவன் எழுந்தே நின்றுவிட்டான். மூன்று வாரமாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்தது அல்லவா. “புல்வெளியை சோலார் கம்பெனிக்கு விக்கப் போறா. சங்கத்துக்கே சொல்லாம, கமுக்கமா. சொந்தக்காரின்னு நானும் பாத்தேன். ஆனா ஊர்னு ஒண்ணு இருக்குல்ல.”

கரண்டிகள் நின்றன. ஓக்கெ கிண்ணத்தைக் கீழே வைத்தார். அலீடா நிதானமாகக் கேட்டாள், யார் சொன்னது என்று. ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்றான். ஊரில் யார் என்றாள். நம்பிக்கையான ஆள், பெயர் சொல்ல முடியாது என்றான். எந்தக் கம்பெனி என்று கேட்டாள். அது தெரியாது என்றான்.

“தெரியவே தெரியாது. ஏன்னா கம்பெனியே கிடையாது,” என்றாள் அலீடா. “நான் யாருக்கும் போன் பண்ணலே. யார்கிட்டயும் பேசலே. என் வீட்டு மேஜையில உக்காந்து என் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் தேடினேன். மூணு வாரம். உனக்குன்னே தேடினேன், வுப்போ.”

எழுந்து போய் லேப்டாப்பை எடுத்துவந்தாள். மதுக்கடைப் பக்கத்தைத் திறந்தாள். கரடி வந்தது. பிறந்தநாள் அட்டைகளைக் கைமாற்றுவதுபோல அதை வட்டத்தில் கைமாற்றி விட்டாள். ஒவ்வொருத்தராகப் படித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திங்கட்கிழமை மின்னஞ்சல் பற்றிய வரியை ஓக்கெ கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வைத்துப் படித்தார். பிறகு தலை நிமிர்ந்தார்.

“ஏப்ரல்ல, அலீடாவுக்கு நரம்புக் கோளாறு, கை நடுங்குது, வெளியே சொல்லாம மறைக்கறாள்னு கூட்டத்துல சொன்னியே. அது யார் சொன்னது?”

அவள் நன்மைக்குத்தான் சொன்னேன், பனி விஷயம் விளையாட்டில்லையே என்று வுப்போ ஆரம்பித்தான். அலீடா ஒரு கோப்பையில் விளிம்புவரை காப்பியை ஊற்றி, கையை நீட்டி, ஓக்கெவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. வேண்டுமென்றே நீண்ட நேரம் பிடித்திருந்தாள்.

“தைராய்டு. ரெண்டு மாச மாத்திரையில போச்சு. என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். உனக்குத்தான் திங்கக்கிழமை போதுமே, வுப்போ.”

ஓக்கெவின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. தான் ஏமாந்த கோபம், ஒரு பெண்ணைத் தோளில் தட்டி அனுப்பிவிட்டோமே என்ற வெட்கம், இரண்டும். கருவி எங்கே என்றார். வீட்டுக் கொட்டகையில் என்றான் வுப்போ. கொண்டு வா என்றார். கேக் முடித்துவிட்டு என்று அவன் முணுமுணுத்தான். இப்போதே என்றார். வியாழக்கிழமை துளை போடுவது அலீடா, கொடி ஏற்றுவதும் அலீடா, இதற்குக் கூட்டம் வேண்டியதில்லை என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது.

“ஆமா, எங்க வீட்டுலயும் நீதானே இந்தக் கரடியைப் போட்டுக் குடுத்தே?”

வுப்போ தரைவிரிப்பைப் பார்த்தான். அவன் பதில் சொல்வதற்குள் இன்னொரு குரல் வந்தது. அதுவரை வாயே திறக்காத கேசினா.

“எனக்கு எத்தனை வயசு?”

யாரைக் கேட்கிறாள் என்று முதலில் ஒருத்தருக்கும் புரியவில்லை. கேக் தட்டை மடியில் வைத்தபடி, குரலை உயர்த்தாமல், இன்னொரு தரம் கேட்டாள். “என்னோடதுல எனக்கு எத்தனை வயசு போட்டிருக்கே, வுப்போ?”

“பன்னிரண்டு,” என்றான் அவன்.

இருபத்தொன்பது வருஷ மனைவி. கரடியைப் பார்த்து, அந்த ஐந்து கம்ப்யூட்டரையும் எண்ணிப் பார்த்த அன்றைக்கே அலீடாவுக்கு இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். தங்கையே அதைக் கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தாள். கேட்டபோது, நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை. ஆனாலும் இனித்தது, அதை மறுப்பதற்கில்லை.

கேசினா எழுந்து கையை நீட்டினாள். கார்ச் சாவியைக் கேட்கிறாள் என்பது அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. கொடுத்தான். அவன் வீடு மூன்று கிலோமீட்டர், காற்று எதிர்க்காற்று. திரும்பி வரும்போது கருவியையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

“கதவை நல்லா சாத்திட்டுப் போ,” என்றாள் அலீடா. “குளிருது.”

அவன் போன பிறகு அவள் கத்தியை எடுத்துத் தங்கைக்கு இன்னொரு துண்டு கேக் வெட்டி வைத்தாள். அந்த வீட்டில் யாருக்கும் இரண்டாவது துண்டு கொடுத்ததே கிடையாது. கேசினா அதைத் தொடவில்லை. அக்கா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மற்றவர்களைப் போலவே ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே வுப்போ காலரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு வேகவேகமாக நடந்தான். ஜன்னல் பெரியது, திரையும் இல்லை. தெருமுனை திரும்பும்வரை பத்துப் பேரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.