விருந்தாளி வந்தால் ஒளிந்துகொள்ளும் நாற்றம்

வெளியாள் யாராவது வாசற்படியில் கால் வைத்தால் போதும், அந்த நாற்றம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அதுதான் நர்ஸம்மாவுக்குப் பிடிபடவே இல்லை.

மகளின் அறையை ஒட்டிய குளியலறையிலிருந்துதான் அது வந்தது. மகள் வேலை கிடைத்து வெளியூர் போய் நாலரை மாதம் ஆகிறது. அவள் போன மூன்றாம் வாரம், எங்கோ சாக்கடை மூடியைத் திறந்துவிட்டாற்போல் ஒரு வாடை மெல்ல எட்டிப் பார்த்தது. பிறகு கூடத்துக்கே வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது. குளியலறை விசிறியை நாள் முழுக்க ஓடவிட்டார்கள். வாசனை உருண்டைகள் வாங்கிப் போட்டார்கள். அது அசைந்து கொடுக்கவில்லை. ஆனால் ப்ளம்பரைக் கூப்பிட்டால் மட்டும், அவர் மாடியேறி வரும்போது வீடு பளிச்சென்று இருக்கும்.

இரண்டாம் முறை வந்தபோது ப்ளம்பர் குனிந்து முகர்ந்தார், குழாய்களைத் தட்டிப் பார்த்தார்.

"அக்கா, குழாய்ல ஒரு குறையும் இல்ல. நீங்களும் அண்ணனும் போய் மூக்கை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க."

"நேத்து வரைக்கும் நாறிச்சு தம்பி."

"நேத்து நாறினதுக்கு நான் இன்னிக்கு என்னக்கா பண்றது?"

அவர் போன ஒன்பதாம் நாள் வாடை திரும்பி வந்தது. நர்ஸம்மாவின் கணவருக்குப் பொறுமை போய்விட்டது. அவர் பஸ் ஓட்டுநர். எட்டு மணி நேரம் புகையையும் வியர்வையையும் பொறுத்துக்கொண்டு வீடு திரும்பினால் அங்கே இது. அவருடைய அண்ணன் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு வீடு காலியாகிறது. லிஃப்ட் உண்டு, வீடும் புதுசு.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரரைப் பார்த்து, காலி பண்றோம்னு சொல்லிடறேன்," என்றார்.

நர்ஸம்மா குறுக்கிட்டார். "பத்து வருஷம் இருந்த வீடுங்க. ஒரு வாடைக்காகவா?"

"சரி, நியாயமாவே பார்ப்போம். பிடிச்சது ஒரு பக்கம், பிடிக்காதது ஒரு பக்கம் எழுதுவோம்."

ஒரு தாளை நடுவில் கோடு போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினார்கள். பிடித்த பக்கத்தில் நர்ஸம்மா முதலில் எழுதியது, ஆஸ்பத்திரிக்கு ஆறு நிமிட நடை. அடுத்தது, சமையலறை ஜன்னல் காற்று. மூன்றாவது, எதிர்வீட்டு அக்கா. அந்த அக்கா வாரத்துக்கு நாலு முறை தன் வாசலில் நின்றபடியே கத்தரிக்கோலோ சுத்தியலோ இரவல் கேட்பார், கேட்கும்போதெல்லாம் அரை மணி நேரம் சிரிக்க வைத்துவிடுவார். கணவர் பிடிக்காத பக்கத்தில் மூன்று மாடிப் படிகளை எழுதினார், மொட்டைமாடியில் துணி உலர்த்த நடக்கும் இடச்சண்டையை எழுதினார். பஸ் டிப்போவின் மணியை மட்டும் இரண்டு பக்கமும் எழுதினார். வேலை நாளில் அது கேட்டதும் கிளம்பினால் சரியாக இருக்கும், விடுமுறை நாளிலும் அது அடித்துத் தொலைக்கும்.

மேல்வீட்டில் புல்லாங்குழல் பழகுகிறவரைப் பிடிக்காத பக்கத்தில் எழுதியவரும் அவர்தான். ஒரு நாள் கழித்து அதை அடித்துவிட்டுப் பிடித்த பக்கத்துக்கு மாற்றினார்.

"என்ன, மனசு மாறிட்டீங்களா?"

"ஆறு மாசமா ஒரே பாட்டு. இப்பதான் பாதி தேறியிருக்கான். மீதியைக் கேக்காமப் போனா எப்படி?"

ஆனால் கடைசி வரியில் 'நாற்றம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தார். மற்ற எல்லாவற்றையும் அது ஒன்றே விழுங்கிவிடும் என்று இருவருக்குமே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. நர்ஸம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளிக்குக் காய்ச்சல் ஏன் என்று தெரியாவிட்டால், முதலில் அது எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று எழுதி வைப்பார். காரணம் பெரும்பாலும் அந்தக் கோட்டிலேயே தென்படும். வாடை தொடங்கிய நாளிலிருந்து நாட்காட்டியில் அப்படித்தான் புள்ளி வைத்து வந்தார். நாறிய நாளுக்குச் சிவப்பு, நாறாத நாளுக்கு நீலம். இப்போது அதைக் கழற்றி மேசைமேல் விரித்தார்.

ப்ளம்பர் முதல் முறை வந்த நாளில் நீலம் தொடங்கியது. கணவரின் அண்ணன் சாப்பிட வந்த நாளிலும் அப்படியே. மகள் லீவில் வந்த நாளிலும், ப்ளம்பர் மறுபடி வந்த நாளிலும் அதே கதை. முதல் தடவை நீலம் இருபது நாள் நீடித்திருந்தது. விசிறியை ஓயாமல் ஓடவிட்ட பிறகோ ஒன்பதே நாளில் சிவப்பு வந்திருந்தது. வாடையை விரட்டப் போட்ட விசிறி, அதைச் சீக்கிரம் அழைத்து வந்திருக்கிறது.

இது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் விளங்கவில்லை.

மறுநாள் பகல் ஷிஃப்டில், நெஞ்சில் குழாய் வைத்த ஒரு நோயாளியின் கட்டிலருகே குனிந்தார். நுரையீரலைச் சுற்றித் தேங்கிய காற்றை வெளியே எடுக்கும் குழாய் அது. அதன் முனை, கட்டிலுக்குக் கீழே இருக்கும் ஒரு பாட்டிலில் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும். நெஞ்சிலிருந்து வரும் காற்று குமிழிட்டு வெளியேறும், வெளிக்காற்று தண்ணீரைத் தாண்டி உள்ளே போக முடியாது. தண்ணீர்தான் அங்கே கதவு. தண்ணீர் குறைந்து குழாய் முனை வெளியே தெரிந்தால் கதவு திறந்துவிட்டது என்று பொருள். அதனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் அளவு பார்ப்பது நர்ஸின் வேலை.

அளவு பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன சிஸ்டர், ஏதாவது கோளாறா?" என்று நோயாளி பயந்துபோய்க் கேட்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லண்ணே. கோளாறு எங்க வீட்டுக்குத்தான்."

குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்கு அடியிலும், முகம் கழுவும் தொட்டிக்கு அடியிலும் குழாயில் ஒரு வளைவு இருக்கிறது. ஒவ்வொரு முறை தண்ணீர் ஓடும்போதும் கொஞ்சம் அந்த வளைவில் தங்கிவிடும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் கதவு. மகள் இருந்தவரை தினமும் குளித்தாள், கதவு மூடியே இருந்தது. அவள் போன பிறகு அங்கே தண்ணீர் விழுவதே அபூர்வம். வளைவில் நின்ற தண்ணீர் ஆவியாகி வற்றியது. விசிறி அதை இன்னும் வேகமாக உலர்த்தியது.

அப்படியானால் விருந்தாளி வந்தால் மட்டும் ஏன் மறைய வேண்டும்? இதற்கு விடை நர்ஸம்மாவின் கையிலேயே இருந்தது. கழுவாத குளியலறையை இன்னொருவர் கண்ணில் காட்டுவது அவருக்கு மானப் பிரச்சினை. ப்ளம்பர் வருகிறார் என்றாலும், அதற்கு முன் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றித் தரையையும் தொட்டியையும் தேய்த்துக் கழுவிவிடுவார்.

சனிக்கிழமை காலையில் வாடை உச்சத்தில் இருந்தது. கணவர் டிப்போவுக்குப் போனதும் நர்ஸம்மா குளியலறைக்குள் போனார். கழுவ வேண்டும் என்று பரபரத்த கையை அடக்கிக்கொண்டார். துடைப்பத்தைத் தொடவில்லை, சோப்பு போடவில்லை. தரை ஓட்டையில் ஒரு குவளை, முகம் கழுவும் தொட்டியில் ஒரு குவளை, வெறும் தண்ணீர் ஊற்றினார். விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்தார்.

மதியம் கணவர் கதவைத் திறந்து உள்ளே வந்தார். மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"யார் வந்திருக்கா?"

"யாரும் வரல."

"பொய் சொல்லாத. அண்ணன் வந்தாரா?"

"ஈ காக்கா வரல. நீங்க போய் அந்தக் குளியலறைத் தரையைப் பாருங்க, தூசி அப்படியே இருக்கு."

அவர் போய்ப் பார்த்தார், மண்டியிட்டு முகர்ந்தும் பார்த்தார். நர்ஸம்மா நாட்காட்டியைக் காட்டினார், பாட்டிலையும் வளைவையும் பற்றிச் சொன்னார். டார்ச் விளக்கை ஓட்டைக்குள் அடித்தபோது அடியில் தண்ணீர் மினுங்கியது. அவர் எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஆக, திருடனைப் பிடிக்கப் போலீஸைக் கூப்பிடுற. அவங்க வர்றதுக்குள்ள நீயே திருடனை வழியனுப்பி வச்சிடுற."

"கழுவாத இடத்தை அந்தத் தம்பிக்குக் காட்டச் சொல்றீங்களா?"

"அவர் நம்ம மூக்கையில்ல சந்தேகப்பட்டாரு." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்காரரைப் பார்க்கப் போகவில்லை. அண்ணனுக்கு ஃபோன் போட்டு, அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒன்பது நாள் பார்த்தார்கள், இருபது நாள் பார்த்தார்கள், ஒரு மாதமும் ஆனது. நாட்காட்டியில் எல்லாம் நீலம்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆள் இல்லாத அந்தக் குளியலறையில், சனிக்கிழமைதோறும் தரை ஓட்டையில் ஒரு குவளை, தொட்டியில் ஒரு குவளை தண்ணீர் ஊற்ற வேண்டும். விசிறியை நிறுத்தியே வைக்க வேண்டும்.