பட்டியலில் இல்லாத நாவல்

கோடை விடுமுறைக்குப் பதினொரு நாள் இருந்தது. விடுமுறையில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் படிக்க வேண்டிய பத்து நாவல்களின் பட்டியலைப் பள்ளி நூலகர்தான் தயார் செய்ய வேண்டும். வருஷா வருஷம் அவள் தலையில் விடியும் வேலை அது.

பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘உஷ் மேடம்’. அவள் யாரையும் அதட்டியது கிடையாது. உதட்டில் விரலை வைத்து ஓர் ‘உஷ்’, அவ்வளவுதான், அறையே கப்சிப் ஆகிவிடும். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளாமல், எண்பதைத் தொடப்போகும் அம்மாவோடு இருந்தாள். அவளைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த விசித்திரம் ஒன்று உண்டு. இருபத்தாறு வருஷமாகப் புத்தகங்களுக்கு நடுவிலேயே கிடந்தும் அவள் நாவல் மட்டும் படிக்க மாட்டாள். பின்னட்டையைப் பார்ப்பாள், தமிழய்யாவிடம் கேட்பாள், பட்டியல் முடிந்துவிடும்.

“இனிப்புக் கடையை வெச்சுக்கிட்டு நாக்கைக் கட்டிப்போட்ட ஒரே ஆள் நீங்கதான் மேடம்” என்று தமிழய்யா கிண்டல் செய்வார். சிரித்து மழுப்பிவிடுவாள்.

போன வருஷப் பட்டியலில் எதையெல்லாம் பிள்ளைகள் நிஜமாகவே படித்தார்கள் என்று பார்க்க, அவர்கள் எழுதிக் கொடுத்திருந்த தாள்களை அலமாரியிலிருந்து இறக்கினாள். நாற்பத்திரண்டு தாள்கள். நாவலின் பெயர், எழுதியவர், கதைச் சுருக்கம், பிடித்த வரி என்று ஒவ்வொன்றிலும் நாலு கட்டங்கள். பாதிப் பேர் பின்னட்டையை ஈயடிச்சான் காப்பி அடித்திருந்தார்கள். நானும் அந்தப் பின்னட்டையைத்தானே பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

பதினேழாவது தாளில் கை நின்றது.

நாவலின் பெயர் ‘ஈரத் தாழ்ப்பாள்’. அப்படியொரு நாவலை அவள் பட்டியலில் சேர்த்ததே இல்லை. எழுதியவர் கட்டத்தில் ‘அட்டையில் பெயர் இல்லை’ என்றிருந்தது. அதற்குக் கீழே சுருக்கம்: ‘ஒரு சின்னப் பெண் குளியலறைக்குள் மாட்டிக்கொள்கிறாள். தாழ்ப்பாள் திறக்கவில்லை. வெளியே அவளுடைய அக்கா இருக்கிறாள். கதையை உள்ளே இருப்பவள்தான் சொல்கிறாள்.’

பிடித்த வரி: ‘இதோ, ஒரே ஒரு பக்கம், வந்துடறேன்.’

மிச்சத் தாள்களை மடமடவென்று புரட்டினாள். இன்னும் மூன்று பிள்ளைகள் அதே நாவலைப் பற்றி எழுதியிருந்தார்கள். சுருக்கத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருந்தார்கள். பிடித்த வரி மட்டும் நாலு பேருக்கும் ஒன்றே.

அந்த வரியைச் சொன்னவள் அவள்தான்.

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், இப்படியொரு விடுமுறையில், ஒரு மத்தியான வேளை. அவளுக்குப் பதினாறு, தங்கைக்குப் பதினொன்று. சின்னவளுக்கு வலிப்பு வரும். அதனால் குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அன்றைக்கு என்ன வீம்போ, போட்டுக்கொண்டாள். “அக்கா, திறக்க வரலைக்கா!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தபோது, இவள் கையில் ஒரு நாவல், கடைசி அத்தியாயம். ஒரு பக்கம் என்றாள். அது மூன்றாயிற்று, ஐந்தாயிற்று. எழுந்து போனபோது உள்ளே சத்தமே இல்லை. கதவை உடைத்துப் பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் தலை கவிழ்ந்து கிடந்தாள்.

“அவ கூப்பிட்டாளா? உனக்கு ஏதாவது கேட்டுதா?” என்று வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் கேட்டார்கள். “ஒண்ணும் கேக்கலை” என்றாள். அந்தப் பொய்யை இன்றுவரை யாரிடமும் அவிழ்த்ததில்லை. அதோடு நாவலையும் தொட்டதில்லை.

நூலகப் பதிவேட்டில் தேடினாள், கணினியில் தேடினாள். ‘ஈரத் தாழ்ப்பாள்’ எதிலும் இல்லை. தமிழய்யாவும் உதட்டைப் பிதுக்கினார். “கேள்விப்பட்டதே இல்லையே. ஏதாவது வாண்டு கதை விட்டிருக்கும், விடுங்க மேடம்.”

நாலு பேரில் மூன்று பேர் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவள் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண். மறுநாள் அவளைக் கூப்பிட்டு, எதிரில் உட்கார வைத்துத் தாளைக் காட்டினாள்.

“இந்தப் புத்தகம் உனக்கு எங்கேம்மா கிடைச்சுது?”

“இங்கேதான் மேடம். ஜன்னல் பக்கம், மூணாவது தட்டு. ஒரு பொண்ணு எடுத்துக் கொடுத்தா.”

“யாரு? எந்த வகுப்பு?”

“தெரியலை மேடம். என்னைவிடச் சின்னவ. உங்க சொந்தக்காரப் பொண்ணுன்னு நினைச்சேன், ஜாடை அப்படியே உங்களை உரிச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு. தலை மட்டும் ஈரமா இருந்துச்சு. துவட்டாமலே வந்துட்டா போல, புத்தகத்து மேலெல்லாம் சொட்டுச்சு.”

நூலகர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “கதை எப்படி முடியுது?” என்று ஒருவழியாகக் கேட்டாள்.

“முடியலையே மேடம். கடைசித் தாள் வெறுமையா இருந்துச்சு. அவகிட்டயே கேட்டேன். ‘எங்க அக்கா வந்தாத்தான் முடியும்’னு சொன்னா.”

அந்தப் பெண் போன பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். மூன்றாவது தட்டில் புத்தகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நடுவில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி. கையை விட்டுப் பார்த்தாள். மழை பெய்து மாதக் கணக்காகிறது. பலகை சொதசொதவென்று ஊறியிருந்தது.

ஒன்பது நாவல்களை எழுதி முடித்தாள். பத்தாவது எண்ணுக்கு நேரே மூன்று நாள் ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தாள். நாலாவது நாள் ‘ஈரத் தாழ்ப்பாள்’ என்று எழுதினாள். எங்கே இருந்தாலும் பிள்ளைகள் தேடிக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. தேடாமல் விட்டுவிட்டால் நல்லது என்றும் இருந்தது.

“இது நம்மகிட்ட இருக்கா?” என்று தலைமையாசிரியை பத்தாவது பெயரில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார்.

“வந்துடும் மேடம்.”

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கடைசி நாள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் பிள்ளைகள் சிட்டாய்ப் பறந்துவிட்டார்கள். வாசலில் இருந்த பெட்டியைத் திறந்து, திரும்பி வந்த புத்தகங்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அடியில் கிடந்தது அது. ஈரத் துணியைப் போலக் கனத்தது. அட்டையில் நாவலின் பெயர் மட்டும். முதல் பக்கத்தில் ‘அக்காவுக்கு’ என்ற ஒரே சொல்.

கதவைச் சாத்திவிட்டு, மேஜையில் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

தங்கை தன்னைத் திட்டித் தீர்த்திருப்பாள் என்று நினைத்திருந்தாள். ஒரு வார்த்தை திட்டு இல்லை. உள்ளே இருந்தவள் சுவரின் ஓடுகளை எண்ணினாள். சோப்பில் நகத்தால் பூனை வரைந்தாள். கதவில் காதை வைத்து, அந்தப் பக்கம் தாள் புரளும் ஓசையைக் கேட்டாள். ‘அக்கா சொன்னா வந்துடுவா’ என்று ஒவ்வோர் அத்தியாயத்திலும் சொல்லிக்கொண்டாள். கொஞ்சங்கூடச் சந்தேகப்படவில்லை.

இன்னும் ஒரு தாள்தான் பாக்கி. அப்போது பின்னால், பழைய செய்தித்தாள் கட்டுகளைப் போட்டுவைக்கும் அறையின் கதவு கடகடவென்று ஆடியது.

“அக்கா, திறக்க வரலைக்கா.”

அதே குரல். பதினொரு வயதுக் குரல்.

கடைசித் தாளில் அவள் விரல் இருந்தது. புரட்டவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்து ஓடினாள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருந்தது, ஈரத்தில் வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் திறந்தாள்.

உள்ளே செய்தித்தாள் கட்டுகளும் கால் உடைந்த ஒரு பெஞ்சும் இருந்தன. ஆள் யாரும் இல்லை. தரையெல்லாம் தண்ணீர். குளிர்ந்த காற்று ஒன்று அவள் இடுப்பை உரசிக்கொண்டு தாண்டிப் போனது. திரும்பிப் பார்த்தாள். சின்னச் சின்ன ஈரக் காலடிகள் அவளைக் கடந்து, மேஜையைச் சுற்றி, வாசற்படி வரை போயிருந்தன. சாத்தியிருந்த கதவு திறந்து கிடந்தது. வெளியே தாழ்வாரத்து வெயிலில் காலடிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன. மேஜைமேல் புத்தகம் இல்லை.

வீட்டுக்குப் போனபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நூலகர் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரில் போய் நின்றாள்.

“அம்மா, அன்னிக்குச் சின்னவ கூப்பிட்டா. எனக்குக் கேட்டுது. நான் எழுந்திருக்கலை.”

அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் மடிக்கத் தொடங்கியது.

“தெரியும்” என்றாள் அம்மா. “எனக்கும் கேட்டுது. அடுப்படியில இருந்தேன். நீ பக்கத்துலதானே இருக்கே, போவேன்னு நினைச்சேன்.”

தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

“அதுக்கப்புறமும் அப்பப்போ கூப்பிடுவா” என்றாள் அம்மா, துணியைப் பார்த்தபடியே. “முப்பத்தாறு வருஷமா. எழுந்து போய்ப் பார்ப்பேன், எந்தக் கதவுன்னு தெரியாது. உனக்குக் கேக்குதான்னு கேக்கவும் பயம்.” தலையை நிமிர்த்தினாள். “இன்னிக்கு உன்னைக் கூப்பிட்டாளா?”

“கூப்பிட்டாம்மா.”

“திறந்தியா?”

“திறந்தேன்.”

அம்மா மடித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதன்முறையாக, வாய்விட்டு அழுதாள்.